வோல்ட், ஆம்பியர், ஓம், வாட்: கணக்கு பொருந்தாதபோது எங்கே பார்ப்பது

அயர்ன் பாக்ஸில் ஒட்டியிருக்கும் சிறிய தகட்டைப் படித்துப் பாருங்கள். 230 வோல்ட், 1000 வாட் என்று இருக்கும். 1000ஐ 230ஆல் வகுத்தால் 4.35 ஆம்பியர். 230ஐ 4.35ஆல் வகுத்தால் 52.9 ஓம். தகட்டில் இருந்த இரண்டு எண்ணிலிருந்து மற்ற இரண்டும் வந்துவிட்டன. வோல்ட் மின்னழுத்தத்தின் அளவு, ஆம்பியர் மின்னோட்டத்தின் அளவு, ஓம் மின்தடையின் அளவு, வாட் மின்திறனின் அளவு.

மின்தடை = மின்னழுத்தம் ÷ மின்னோட்டம்
மின்திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம்

இவற்றைக் கலந்தால் இன்னும் இரண்டு கிடைக்கும். திறன் = ஓட்டம் × ஓட்டம் × தடை. திறன் = அழுத்தம் × அழுத்தம் ÷ தடை. பள்ளியில் எல்லோரும் படித்ததுதான். ஆனால் வீட்டில் மீட்டரை எடுத்து அளந்தால் விடை ஒத்துவருவதில்லை. நான் வீட்டு மின்கருவிகள் ரிப்பேர் செய்பவன். பாலிடெக்னிக் படிக்கும் பிள்ளைகள் சிலர் அடிக்கடி நோட்டோடு வருவார்கள், "அண்ணே, கணக்கு தப்பா வருது" என்று. பெருக்கல் வகுத்தல் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். நான் அவர்களிடம் முதலில் கேட்பது ஒன்றே ஒன்று: இந்த வோல்ட்டும் இந்த ஆம்பியரும் ஒரே பொருளுக்கு, ஒரே நேரத்தில் எடுத்தவையா? கீழே வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியில் பிடிபட்டுவிடும்.

அளக்கத் தொடங்கும் முன் பாதுகாப்பு. மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்துக்கொண்டு மின்சாரம் உள்ள இடத்தைத் தொடக்கூடாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் தடை பார்க்க வேண்டும். அதைவிட ஆபத்தானது, சிவப்பு ஒயரை ஆம்பியர் துளையில் செருகியபடி சாக்கெட்டில் வோல்ட் பார்ப்பது. ஆம்பியர் துளையின் உள்தடை ஏறக்குறைய பூஜ்யம் என்பதால் அது நேராக ஷார்ட். மீட்டர் கையிலேயே வெடிக்கக்கூடும். வோல்ட் பார்க்கும் ஒவ்வொரு முறையும் சிவப்பு ஒயர் எந்தத் துளையில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு நீட்டுங்கள்.

அறிகுறி: விடை ஆயிரம் மடங்கு தள்ளி வருகிறது

12 வோல்ட் பாட்டரியில் ஒரு சிவப்பு எல்இடி எரிய வேண்டும். அதற்கு 20 மில்லி ஆம்பியர் போதும், ஓட்டத்தை அந்த அளவில் நிறுத்த எத்தனை ஓம் ரெசிஸ்டர் (தடை தரும் சிறு பாகம்) போட வேண்டும் என்பதுதான் கேள்வி. ஒரு பையன் 10ஐ 20ஆல் வகுத்து அரை ஓம் என்று எழுதினான். அரை ஓம் போட்டால் எல்இடி ஒரு நொடியில் போய்விடும். 20 மில்லி ஆம்பியர் என்பது 0.02 ஆம்பியர். 10 ÷ 0.02 = 500 ஓம். மில்லியையும் கிலோவையும் முதலில் ஆம்பியருக்கும் ஓமுக்கும் மாற்றிவிட்டு வகுத்தால் இந்தப் பிழை வராது.

பாட்டரி 12 வோல்ட்டாக இருக்க, 10 எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். சிவப்பு எல்இடி தனக்கென்று சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதி 10 வோல்ட்தான் ரெசிஸ்டரின் மேல் விழுகிறது. ரெசிஸ்டரின் மதிப்பைக் கணக்கிடும்போது ரெசிஸ்டரின் வோல்ட்டைத்தான் எடுக்க வேண்டும். முழுச் சுற்றின் வோல்ட்டை எடுத்து, ஒரு துண்டின் தடையைக் கேட்டால் விடை பிசகும்.

கடையில் 470 ஓமும் 560 ஓமும் கிடைக்கும். 560 வாங்குங்கள், ஓட்டம் 18 மில்லி ஆம்பியர் அளவில் நிற்கும். அதில் சூடாகும் திறன் 10 × 0.018, அதாவது 0.18 வாட். கால் வாட் ரெசிஸ்டர் தாங்கும், ஆனால் தொட்டால் நன்றாகச் சுடும். நான் அரை வாட் போடுவேன்.

அறிகுறி: கணக்கில் 529 ஓம், மீட்டரில் 40 ஓம்

100 வாட் குண்டு பல்பு. 230ஐ 230ஆல் பெருக்கி 100ஆல் வகுத்தால் 529 ஓம். பல்பைக் கழற்றி மீட்டரில் வைத்தால் 40 ஓமை ஒட்டிக் காட்டும். பிள்ளைகள் மீட்டர் கெட்டுவிட்டது என்பார்கள். மீட்டரும் சரி, கணக்கும் சரி.

பல்பின் இழை டங்ஸ்டனால் ஆனது. எரியும்போது அதன் வெப்பநிலை 2500 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். உலோகம் சூடாகச் சூடாக அதன் தடை ஏறும். குளிர்ந்த இழையைவிட எரியும் இழைக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து மடங்கு வரை தடை அதிகம். தகட்டுக் கணக்கு சொல்வது எரியும் பல்பின் தடை, மீட்டர் காட்டுவது தூங்கும் பல்பின் தடை. பொருள் ஒன்று, நேரம் வேறு.

சுவிட்சைத் தட்டும் அந்தக் கணத்தில் இழை இன்னும் குளிராகவே இருக்கிறது. 230 ÷ 40 என்றால் கிட்டத்தட்ட 6 ஆம்பியர் பாயும். இழை சூடேறி, மிகச் சிறிது நேரத்தில் ஓட்டம் 0.43 ஆம்பியருக்கு இறங்கிவிடும். குண்டு பல்பு பெரும்பாலும் சுவிட்ச் போடும்போதே பீஸ் போவதற்கு இந்த முதல் கணத்து ஓட்டம் ஒரு முக்கியக் காரணம்.

அயர்ன் பாக்ஸில் இவ்வளவு வித்தியாசம் வராது. அதன் எலிமென்ட் நிக்ரோம் கம்பி. சூட்டுக்கு அதன் தடை சில சதவீதமே மாறும். கணக்கில் 52.9 வந்தால் மீட்டரில் 50 முதல் 53 வரை பார்க்கலாம். ஆகவே ஹீட்டர், கீசர், அயர்ன் பாக்ஸ் போன்றவற்றுக்குக் குளிர்ந்த நிலையில் தடை பார்ப்பதே நல்ல சோதனை. 1000 வாட் அயர்ன் பாக்ஸ் பிளக் முனையில் 50 ஓமுக்குப் பக்கத்தில் காட்டினால் எலிமென்ட் நன்றாக இருக்கிறது. எதுவுமே காட்டவில்லை என்றால், எலிமென்ட் அறுந்துவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் தெர்மோஸ்டாட் திருகு ஆஃப் நிலையில் இருக்கிறதா, பிளக் அருகே ஒயர் உள்ளுக்குள் அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். என்னிடம் வந்தவற்றில் எலிமென்ட்டைவிட ஒயர் போனவைதான் அதிகம்.

அறிகுறி: 2000 வாட் கீசர், ஆனால் தண்ணீர் சுட ஒரு யுகம் ஆகிறது

தெருவின் கடைசி வீடுகளில் மாலை நேரத்தில் இந்தப் புகார் வரும். எலிமென்ட்டை மாற்றும் முன் சாக்கெட்டில் வோல்ட் பாருங்கள், அதுவும் கீசர் ஓடிக்கொண்டிருக்கும்போது.

180 வோல்ட் என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். இங்கே பலர் செய்யும் தவறு, 2000ஐ 180ஆல் வகுத்து, "ஓட்டம் 11 ஆம்பியர், கூடிவிட்டது" என்பது. 2000 வாட் என்பது 230 வோல்ட்டுக்கு எழுதிய எண். 180 வோல்ட்டில் அந்த எண் செல்லாது. மாறாமல் இருப்பது எலிமென்ட்டின் தடை மட்டும்தான். அதை முதலில் எடுங்கள்: 230 × 230 ÷ 2000 = 26.45 ஓம். இப்போது 180ஐ 26.45ஆல் வகுத்தால் 6.8 ஆம்பியர். ஓட்டம் குறைந்திருக்கிறது. திறன் 180 × 6.8, அதாவது சுமார் 1225 வாட்.

வோல்ட் குறைந்தது ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதல். திறனோ ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது. வோல்ட்டும் குறைகிறது, அதனால் ஓட்டமும் குறைகிறது, இரண்டும் பெருகும்போது இழப்பு இரட்டிக்கிறது. 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற சுமார் 2200 கிலோ ஜூல் வேண்டும். 2000 வாட்டில் அது 18 நிமிட வேலை. 1225 வாட்டில் 30 நிமிடம். செலவாகும் யூனிட் இரண்டிலும் ஏறக்குறைய 0.61தான். கூடுதல் நேரத்தில் தொட்டியின் சுவர் வழியே போகும் சூடு மட்டுமே கொஞ்சம் அதிகம். "லோ வோல்டேஜ்ல கீசர் போட்டா பில் எகிறும்" என்று ஒரு பேச்சு இருக்கிறது, அதை நம்ப வேண்டாம்.

நம் ஊர்களில் ஒற்றை பேஸ் இணைப்புக்கு வரவேண்டியது 230 வோல்ட். 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகள் அதற்கு மேலும் கீழும் 6 சதவீதம் வரை விட்டுக்கொடுத்தன, அதாவது ஏறத்தாழ 216 முதல் 244 வரை. 180 என்பது அதற்கு வெகு கீழே. ஆனால் அது கம்பத்திலிருந்தே அப்படி வருகிறதா, உங்கள் வீட்டுக்குள் தொலைகிறதா? அதுதான் அடுத்த அறிகுறி.

அறிகுறி: பிளக் சுடுகிறது, சாக்கெட் பழுப்பேறிவிட்டது

இதை நிதானமாகப் படியுங்கள், வீடு பற்றிக்கொள்வது இங்கிருந்துதான்.

வேண்டியவை: மல்டிமீட்டர், 1000 வாட் அயர்ன் பாக்ஸ், ஒரு நல்ல ஜங்ஷன் பாக்ஸ். சந்தேகப்படும் சாக்கெட்டில் ஜங்ஷன் பாக்ஸைச் செருகுங்கள். அதன் ஒரு துளையில் மீட்டர் முனைகள், இன்னொன்றில் அயர்ன் பாக்ஸ். சாக்கெட் ஏற்கெனவே உருகியிருந்தாலோ கருகல் நாற்றம் அடித்தாலோ இந்தச் சோதனை வேண்டாம். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

அயர்ன் பாக்ஸ் ஆஃப்: 231 வோல்ட். ஆன் செய்து அதன் விளக்கு எரியும்போது: 222 வோல்ட். 9 வோல்ட் காணாமல் போய்விட்டது. இந்த நேரத்தில் ஓடும் ஓட்டம் 222 ÷ 52.9 = 4.2 ஆம்பியர். 9 ÷ 4.2 என்றால் வழியில் 2.1 ஓம் தடை. அங்கே வீணாகும் திறன் 9 × 4.2, சுமார் 38 வாட்.

இந்த 9 வோல்ட் முழுவதும் உங்கள் வீட்டில் தொலைந்ததா? ஜங்ஷன் பாக்ஸைக் கழற்றி, மெயின் போர்டுக்கு மிக அருகில் இருக்கும் சாக்கெட்டில் இதையே செய்து பாருங்கள். அங்கே 231லிருந்து 229க்கு இறங்கினால், 2 வோல்ட் தெருவிலும் மீட்டர் பெட்டி வரையிலும் போகிறது. மீதி 7 வோல்ட் வீட்டுக்குள். ஒயரே அவ்வளவு தின்னுமா? 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் ஒரு கிலோமீட்டருக்கு சுமார் 12 ஓம். அறை 15 மீட்டர் தள்ளி இருந்தால், போக ஒரு ஒயர், வர ஒரு ஒயர், ஆக 30 மீட்டர். 0.36 ஓம். 4.2 ஆம்பியரில் அது 1.5 வோல்ட்டைத்தான் எடுக்கும். (திரும்பி வரும் நியூட்ரலைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது இங்கே அடிக்கடி நடக்கும் பிழை. அப்போது விடை பாதியாகிவிடும்.)

7லிருந்து 1.5 போனால் 5.5 வோல்ட். அதை எடுப்பது இணைப்புகள். 5.5 × 4.2 = 23 வாட். சின்ன சால்டரிங் அயர்ன் 25 வாட். ஈயத்தை உருக்கும் ஒரு கருவி உங்கள் சுவருக்குள், நகக்கண் அளவு இடத்தில், பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டு எரிகிறது என்று பொருள். அதே இடத்தில் 2000 வாட் ஹீட்டரைச் செருகினால் ஓட்டம் இரட்டிக்கும். ஓட்டம் × ஓட்டம் × தடை என்பதால் சூடு நான்கு மடங்கை நெருங்கும். இந்த ஓட்டத்துக்கு எம்சிபி (ஓட்டம் அளவை மீறினால் தானே அணையும் சுவிட்ச்) விழாது, ஏனென்றால் ஓட்டம் அளவுக்குள்தான் இருக்கிறது. லூஸ் கான்டாக்ட் ஓட்டத்தைக் கூட்டாது, கொஞ்சம் குறைக்கவே செய்யும். எம்சிபி இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிட வேண்டாம் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

பார்க்க வேண்டிய இடங்கள்: சாக்கெட்டின் பின்புறத் திருகுகள், சுவிட்சின் திருகுகள், நடுவில் டேப் சுற்றிய முறுக்கு ஜாயின்ட், மெயின் போர்டின் நியூட்ரல் பட்டை. சுவிட்சும் சாக்கெட்டும் குளிராக இருந்து பிளக் மட்டும் சுட்டால், சாக்கெட்டின் உள்ளே பின்னைப் பிடிக்கும் பித்தளை நாக்கு தளர்ந்திருக்கலாம். சாக்கெட்டை மாற்றுங்கள், நாக்கை வளைத்து இறுக்குவது நிற்காது. கீசரைச் சின்ன 5 ஆம்ப் சாக்கெட்டில் மாட்ட அடாப்டர் தேடாதீர்கள்.

அறிகுறி: மோட்டாரின் தடை 4 ஓம், ஆனால் 57 ஆம்பியர் ஓடவில்லை

ஒரு குதிரைத்திறன் தண்ணீர் மோட்டாரின் காயிலை மீட்டரில் பார்த்தால் சில ஓம்தான் இருக்கும். 230 ÷ 4 = 57. ஒயரை வெளியிலிருந்தே கவ்வி ஓட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் 6.5 ஆம்பியர் என்கிறது.

மீட்டர் தன் உள்ளிருக்கும் சின்ன பாட்டரியால், ஒரே திசையில் பாயும் மின்சாரத்தால் தடையைப் பார்க்கிறது. சாக்கெட்டில் வருவது நொடிக்கு 50 சுற்று மாறும் மின்சாரம். அது காயிலில் காந்தப்புலத்தை மாற்றிக்கொண்டே இருப்பதால், காயில் தானே ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி ஓட்டத்தைத் தடுக்கிறது. சுழலும் பகுதி ஓட ஓட இந்த எதிர்ப்பு நிலைத்து நிற்கிறது. மண் அடைத்தோ பேரிங் பிடித்தோ மோட்டார் சுழலாமல் நின்றால் ஓட்டம் பல மடங்கு ஏறி, காயில் கருகும். உறுமிக்கொண்டு சுழலாமல் நிற்கும் மோட்டாரை உடனே அணைக்கச் சொல்வது அதனால்தான். கேபாசிட்டர் போயிருந்தாலும் இதே உறுமல் வரும், முதலில் அதை மாற்றிப் பாருங்கள்.

திறனிலும் இதே சிக்கல். 230 × 6.5 = 1495. இது வாட் ஆகாது, வோல்ட் ஆம்பியர் மட்டுமே. ஓட்டமும் அழுத்தமும் ஒரே கணத்தில் உச்சம் தொடாததால், உண்மை வாட் இதைவிடக் குறைவு. அதை வீட்டு மின்மீட்டரிலேயே கண்டுபிடிக்கலாம். மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மின்னும். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்று அச்சிட்டிருக்கும். 3200 என்று இருந்தால், ஒரு மின்னலுக்கு 1125 ஜூல் (36 லட்சம் ஜூல் ஒரு யூனிட், அதை 3200ஆல் வகுத்தது). வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மோட்டாரை மட்டும் ஓடவிட்டு எண்ணுங்கள். 20 மின்னலுக்கு 19 நொடி ஆனால் 20 × 1125 ÷ 19 = 1184 வாட். 1184ஐ 1495ஆல் வகுத்தால் 0.79. அதுதான் அந்த மோட்டாரின் திறன் காரணி.

கைக்கடிகாரமும் பொறுமையும் மட்டும் இருந்தால் வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளையும் இப்படி அளந்துவிடலாம். அயர்ன் பாக்ஸை அளந்தால் வோல்ட் × ஆம்பியரும் இந்த வாட்டும் ஒன்றாக வரும். உங்கள் முறை சரியா என்று பார்க்க அதிலிருந்து தொடங்குங்கள்.

அறிகுறி: கிளாம்ப் மீட்டர் பூஜ்யம் காட்டுகிறது

பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துக் கவ்வியிருக்கிறீர்கள். போவதும் வருவதும் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒரே ஒயரைக் கவ்வுங்கள். ஓட்டம் மிகச் சிறிதாக இருந்தால் அந்த ஒயரைக் கவ்வியில் பத்துச் சுற்று சுற்றி, வரும் எண்ணைப் பத்தால் வகுங்கள்.

அறிகுறி: ஒரு ஓமுக்குக் குறைந்த தடை எப்போதும் கூடுதலாக வருகிறது

மீட்டரின் ஒயர்களுக்கே 0.2 முதல் 0.5 ஓம் வரை இருக்கும். முனைகளை ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்து, வரும் எண்ணைக் கழியுங்கள். அதற்கும் சின்னத் தடை என்றால் ஓம் நிலையை விட்டுவிட்டு, ஒரு தெரிந்த ஓட்டத்தைச் செலுத்தி, அந்தப் பொருளின் இரு முனையில் நேராக வோல்ட் அளந்து வகுப்பதுதான் வழி. இதற்கு நேர்மாறாக, போர்டில் இருக்கும் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் 3 கிலோ காட்டினால், பக்கத்தில் வேறு பாதை வழியாகவும் ஓட்டம் போகிறது. ஒரு காலைக் கழற்றிவிட்டு அளங்கள்.

அறிகுறி: பாட்டரி 12.5 வோல்ட் காட்டுகிறது, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை

சும்மா இருக்கும் பாட்டரியின் வோல்ட்டை வைத்து, ஓட்டம் கொடுக்கும் பாட்டரியைப் பற்றி முடிவு செய்ய முடியாது. இது 1825இல், ஓம் என்ற அலகுக்குப் பெயர் தந்த ஜெர்மன் இயற்பியலாளர் ஜார்ஜ் சைமன் ஓமுக்கே இடைஞ்சலாக இருந்தது. வோல்டாவின் மின்கல அடுக்கு, ஓட்டம் எடுக்க எடுக்கத் தளர்ந்துகொண்டே போனதால் அவர் அளவுகள் நிலைக்கவில்லை. பிறகு செம்பும் பிஸ்மத்தும் சேர்ந்த வெப்ப இணைப்புக்கு மாறினார். ஒரு முனை கொதிநீரில், மறுமுனை பனிக்கட்டியில். மின்னழுத்தம் மிகச் சிறியது, ஆனால் அசையாமல் நின்றது. 1827இல் வெளியான அவர் நூலுக்கு அந்த அளவுகள்தான் அடித்தளம்.

உங்கள் பாட்டரிக்கு வருவோம். 12 வோல்ட், 35 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றை பாட்டரியின் டெர்மினல் கிளிப்புகளில் இணைத்து, அங்கேயே வோல்ட் பாருங்கள். 12.5 இருந்த இடத்தில் 11.6 ஆகிறது, ஓட்டம் 2.8 ஆம்பியர் என்றால், 0.9 ÷ 2.8 = 0.32 ஓம். இது பாட்டரியின் உள்ளேயே இருக்கும் தடை. செல்ஃப் மோட்டாருக்குப் பல பத்து ஆம்பியர் வேண்டும். 30 என்று வைத்தாலும் 30 × 0.32 = 9.6 வோல்ட் உள்ளேயே போய்விடும், மோட்டாருக்கு மிஞ்சுவது 3 வோல்ட்கூட இல்லை.

பாட்டரிக் கடைக்குப் போகும் முன், அதே பல்பு எரியும்போது மீட்டர் முனையை டெர்மினல் கிளிப்பில் வைக்காமல் பாட்டரியின் ஈயத் தூணிலேயே அழுத்தி ஒரு முறை பாருங்கள். அங்கே 12.4 காட்டினால் பாட்டரி நன்றாக இருக்கிறது, 0.8 வோல்ட்டைத் தின்பது தூணுக்கும் கிளிப்புக்கும் நடுவில் படிந்த வெள்ளைப் பூப்பு. வெந்நீர் ஊற்றித் தேய்த்துக் கழுவி, நன்றாகத் துடைத்துக் காயவைத்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவிவிட்டு மறுபடி அளங்கள்.